வரப்போரத்துச் சாசனங்கள்



மைசூரில் வாழும் தமிழருக்கு அரண்மனையும் சாமுண்டி மலையும் பழகிய இடங்கள். ஊரிலிருந்து உறவினர் வந்தால் நாம் அழைத்துச் சென்று காட்டுபவையும் அவையே. நகரைக் கடந்து திருமகூடல் நரசிபுரம், தலக்காடு ஆகிய ஊர்களின் பக்கம் சென்றால், ஏரிக்கரைகளிலும் கழனி வரப்புகளிலும் பழங்கற்கள் பாதி புதைந்து நிற்கக் காணலாம். சிலவற்றில் மாடு கட்டியிருப்பார்கள்; சில, துணி துவைக்கும் கல்லாகிவிட்டன. இத்தகைய கற்களைத் தேடிப் பதிவு செய்யும் தொண்டர்களைப் பற்றி இன்று பேசுவோம்.

இக்கற்கள் பலவகையின. போரிலோ ஆநிரை மீட்கையிலோ உயிர்நீத்தவனுக்கு எடுத்தது வீரக்கல். நம் நாட்டில் நடுகல் என்போம். அதன் அடியில் போர்க் காட்சி, நடுவில் வீரனை அழைத்தேகும் தேவமகளிர், உச்சியில் சிவலிங்க வழிபாடு எனப் பல கற்களில் மூன்று நிலைகள் இருக்கும். வளையணிந்த கை ஒன்று உயர்ந்து நின்றால் அது மாசதிக்கல். திரிசூலமோ சங்கு சக்கரமோ பொறித்தவை கோயில் நிலத்தின் எல்லைக் கற்கள். ஞாயிறும் திங்களும் உள்ளவரை அறம் நிலைக்க வேண்டுமென்று அவ்விரண்டையும் கல்லின் தலையில் செதுக்கினார்கள். சாலை போடுகிறவருக்கு அது தெரிய வேண்டுமே!

பெங்களூரில் பிறந்த ஆங்கிலேயரான லூயிஸ் ரைஸ், 1886ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட 'எபிகிராபியா கர்னாடிகா' தொகுதிகளில் ஏறத்தாழ 9,000 சாசனங்களைப் பதிப்பித்தார். மத்திய அரசின் கல்வெட்டுத் துறைத் தலைமையகமும் 1966இல் உதகையிலிருந்து நம் மைசூருக்கு வந்தது. ஈரக் காகிதத்தைக் கல்லின்மேல் அறைந்து, மை ஒற்றி எடுக்கும் படிகள் இங்கே பெருந்தொகையாகச் சேர்ந்தன. ஆயினும் மைப்படி எழுத்தை மட்டுமே காக்கும். எல்லைக்கல் தன் இடத்தைவிட்டுப் பெயர்ந்தால், எழுத்து முழுதும் இருந்தும் அது எந்த எல்லையையும் காட்டாது. கல் நிற்கும் இடமே பாதிச் சாசனம் என்பது நம் கருத்து. அந்தப் பாதியைக் காப்பதற்கு ஊர்தோறும் நடக்கும் கால்கள் வேண்டும்.

பெங்களூரில் 1909இல் தோன்றிய மிதிக் சொசைட்டி, 2021 முதல் அந்நகரையும் சுற்றுப்புறங்களையும் சேர்ந்த கல்வெட்டுகளை முப்பரிமாணக் கருவியால் பதிந்து வருகிறது. ரைஸின் நூலைக் கையில் கொண்டு, கல் இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. தேய்ந்த எழுத்தின்மேல் ஒளியைப் பலவாறு சாய்த்துப் பார்க்கும் வேலையைக் கணிப்பொறி செய்துவிடுகிறது. இங்கிலாந்திலும் பழைய மைல்கற்களைக் காக்கவென்றே 2001இல் ஒரு சங்கம் தோன்றியது; அங்கும் தொண்டர்களே கணக்கெடுக்கிறார்கள்.

இதில் நமக்கொரு தனிப்பங்கு உண்டு. சோழர் ஆட்சியில் தலக்காடு இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது. பின்னர் ஆண்ட ஹொய்சளர் காலத்திலும், பெங்களூர், கோலார் வட்டாரங்களில் தமிழ்ச் சாசனங்கள் பல எழுந்தன. மடிவாளத்துச் சோமேசுவரர் கோயிலிலுள்ள 1247ஆம் ஆண்டுத் தமிழ்ச் சாசனம் இன்றைய பேகூரை வேப்பூர் என்றே குறிக்கிறது. அவ்வூர்களில் இப்போது வாழ்பவர் பலருக்கு இவ்வெழுத்து தெரியாது. தமிழறிந்த நமக்கோ, புள்ளியில்லாத மெய்யும் இடையிடையே வரும் கிரந்தமும் பழகிவிட்டால் ஊர்ப்பெயர்களேனும் புலப்படும்.

செல்ல விரும்புவோர்க்குச் சில சொற்கள். கல்லின்மேல் எண்ணெயோ சுண்ணமோ பூசலாகாது, அசைக்கவும் கூடாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது படம் எடுத்தால் எழுத்து எழுந்து நிற்கும். கல்லின் முகம் எத்திசை நோக்கியது, அருகே உள்ள ஏரி, மதகு, மரம் எவை என்பவற்றைக் குறித்துத் தொல்லியல் துறைக்கு எழுதலாம். நிலத்துக்காரரிடம் முதலில் இசைவு பெறுக. அந்தக் கல்லை ஊரார் எப்பெயரால் அழைக்கிறார்கள் என்று மூத்தோரைக் கேளுங்கள்; கன்னடத்திலேயே கேளுங்கள், அவர்கள் சொன்ன ஒலி மாறாமல் அப்பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.