இடாப்பில் சிவப்புக் கோடு
(நூற்றாண்டு விழாப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



இம்மலருக்காகப் பழைய வரவு இடாப்புகளைப் புரட்டினோம். வைத்தியர்களாகவும் சட்டத்தரணிகளாகவும் அதிபர்களாகவும் உயர்ந்தவர்களின் பெயர்களைத் தேடிப் போன இடத்தில், நாலாம் ஐந்தாம் வகுப்போடு சிவப்புக் கோடு இழுக்கப்பட்ட பெயர்களும் இருந்தன. சிலர் இடம்பெயர்ந்து போனவர்கள். வேறு சிலரையும் எங்களுக்கு நினைவிருக்கிறது. எழுத்துக் கூட்ட வராது, கணக்கு ஏறாது, பின்வாங்கில் இருந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு தவணை விடுமுறை முடிந்து வந்தபோது அவர்களுடைய கதிரை வெறுமையாக இருந்தது. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

அறிவு வளர்ச்சி குறைந்த பெண்களுக்குத் தொழில் தேடிக் கொடுக்கும் எங்கள் சிறிய குழு, பல ஆண்டுகளாகப் பிழையான வழியில்தான் போனது என்பதை முதலில் ஒப்புக்கொள்கிறோம். மண்டபம் ஒன்றில் அவர்களை இருத்தி மெழுகுதிரி, கடதாசிப் பை, கால்மிதி செய்யப் பழக்கினோம். நன்றாகப் பழகியதும் வெளியே வேலை பார்க்கலாம் என்பது திட்டம். கார்னிவலில் அந்தக் கால்மிதிகளை நீங்கள்தான் வாங்கினீர்கள். ஓரம் கோணல் என்று ஒருவராவது சொன்னதில்லை. பிள்ளைகளோ வருடம் முழுவதும் பழகினார்கள், மறுவருடமும் பழகினார்கள். ஒருவரும் வெளியே போகவில்லை.

காரணம் பின்புதான் விளங்கியது. இப்பிள்ளைகளிற் பலருக்கு ஓர் இடத்தில் கற்றதை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவது கடினம். மண்டபத்தில் கற்றது மண்டபத்தோடு நின்றுவிடும். ஆகையால் முதலில் வேலையில் அமர்த்து, பிறகு அங்கேயே பழக்கு என்று முறையை மாற்றியவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திலேயே இதற்கு இடம் கொடுத்தார்கள். நாங்கள் இங்கே வந்து சேரச் சற்றுப் பிந்திவிட்டது!

எங்களில் ஒருவரின் குடும்பம் பேக்கரி நடத்துகிறது. அங்கே றஸ்க் பாக்கற் கட்டும் வேலைக்கு ஒரு பிள்ளையை அனுப்பினோம். மூன்றாம் கிழமையே அழுதுகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். பிழை எங்களுடையது. நாலு நாள் கூட நின்றுவிட்டு, பழகிவிட்டாள் என்று விலகிவிட்டோம். அவளுக்குப் பத்துக்கு மேல் எண்ண வராது. பத்து வரையும் யாராவது இடையில் கதைத்தால் குழம்பிவிடும். பாக்கற்றுகள் கூடிக் குறைந்து, கடைக்காரர்கள் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

இரண்டாம் முறை, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அவளுக்குப் பக்கத்தில் நின்று தானும் றஸ்க் அடுக்கினார். வேலையை ஒவ்வொரு அசைவாகப் பிரித்துப் பார்த்தார். தச்சரிடம் சொல்லி, ஐந்து ஐந்தாக இரண்டு வரிசையில் பத்துக் கட்டம் உள்ள ஒரு பலகை செய்வித்தார். கட்டம் எல்லாம் நிரம்பினால் பாக்கற்றில் போடலாம்; எண்ணத் தேவையில்லை. இப்போது மற்றப் பெண்களும் அந்தப் பலகையையே கேட்கிறார்களாம். ஆசிரியை முதலில் முழு நாளும் நின்றார், பிறகு அரைநாள், பிறகு கிழமையில் ஒரு நாள். அதற்குள் போறணைக்குப் பக்கத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவர் அவளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

வேலையைவிட பஸ்தான் பெரிய பாடு. “ரீச்சர், பிள்ளை மாறி ஏறிவிட்டால்?” என்று தாயார் இரவு பத்து மணிக்கும் தொலைபேசி எடுப்பார். அந்தப் பயத்தை நாங்கள் சிறிதாக எண்ணவில்லை. ஒரு மாதம் அவளோடு பஸ்ஸில் போய் வந்தோம். பிறகு பின் இருக்கையில் தெரியாதவர்போல இருந்தோம்.

சம்பளத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். “கைச்செலவுக்கு ஏதாவது கொடுக்கிறேன்” என்பவர்களிடம் நாங்கள் பிள்ளையை அனுப்புவதில்லை. மற்றவர்களுக்குள்ள சம்பளம், ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளியின் 12 வீதமும் அவளுடைய 8 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். பெற்றோருக்குப் பிறகு இவள் என்ன செய்வாள் என்ற கேள்விக்கு இது சிறிய பதில்தான். ஆனாலும் பதில்.

அரசாங்க வேலையில் 3 வீதம் ஒதுக்கும் சுற்றறிக்கை 1988இலேயே வந்தது. ஆனால் பதவிக்குரிய கல்வித் தகைமை இருக்கவேண்டும். சாதாரண தரம் வரை வராத பிள்ளைக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. ஆகவேதான் கடைகளையும் சிறு தொழிலகங்களையும் தேடிப் போகிறோம்.

மனநோயிலிருந்து தேறி வருபவர்களின் நிலை வேறு. அவர்களிற் பலர் படித்தவர்கள். பலகை தேவையில்லை, கிளினிக் நாளில் விடுமுறையும், மருந்தின் மயக்கம் இருந்தால் காலையில் ஒரு மணித்தியாலம் பிந்தி வரும் அனுமதியும் போதும். அவர்களுடைய நோயைப் பற்றி, அவர்கள் சம்மதித்ததற்கு மேல் முதலாளியிடம் நாங்கள் ஒரு சொல்லும் சொல்வதில்லை.

ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருந்து தையல் இயந்திரம் அனுப்பட்டுமா என்று கேட்கிறீர்கள். நன்றி, மண்டபத்தில் ஏழு இயந்திரங்கள் உறையோடு நிற்கின்றன. உங்கள் அண்ணருக்கோ மச்சானுக்கோ இங்கே கடை, அச்சகம், கோழிப்பண்ணை, விருந்தினர் விடுதி ஏதாவது இருக்கும். அங்கே ஒவ்வொரு நாளும் மாறாமல் வரும் ஒரு வேலை இருக்கும்: முட்டை அடுக்குவது, துவாய் மடிப்பது, கடிதஉறை ஒட்டுவது. இரண்டு மணித்தியால வேலையானாலும் போதும். வாசல் மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். போகும்போது அந்த வேலையையும், யாரிடம் நாங்கள் கதைக்கவேண்டும் என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். நாங்களே அவருக்குத் தொலைபேசி எடுப்போம்.