சொல்லை உடைத்துப் பாருங்கள்



"ஆங்கிலத்தில் எத்தனை சொல்லைத்தான் உருப்போடுவது?" என்று சில தோழர்கள் என்னைக் கேட்டார்கள். நானும் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவனல்ல. இளம் வயதில் அகராதியை வைத்துக்கொண்டு நாளொன்றுக்கு இருபது சொல் வீதம் நெட்டுருப் போட்டேன். மறுவாரம் நாலு சொல்கூட நினைவில் நிற்கவில்லை. பொருள் தெரியாமல் மந்திரம் ஓதுகிறவனைப் பரிகாசம் செய்துகொண்டே நானும் அதே காரியத்தைத்தான் செய்திருக்கிறேன்!

ஆங்கிலச் சொற்களில் ஏராளமானவை லத்தீன், கிரேக்க மொழிகளிலிருந்து வந்தவை. அவற்றை உடைத்துப் பாருங்கள். 'டெலி' என்றால் தூரம், 'போன்' ஒலி, 'ஸ்கோப்' பார்ப்பது, 'கிராப்' எழுதுவது. டெலிபோன், டெலஸ்கோப், டெலகிராப் மூன்றும் ஒரே மூச்சில் கைக்கு வந்துவிட்டன. 'மைக்ரோ' சிறியது என்று தெரிந்துவிட்டால் மைக்ராஸ்கோப்புக்குத் தனியாக வாத்தியார் வேண்டியதில்லை. 'போர்ட்' என்ற வேர் சுமப்பது. இம்போர்ட் உள்ளே கொண்டுவருவது. எக்ஸ்போர்ட் வெளியே கொண்டுபோவது. ரயிலடியில் மூட்டை தூக்குகிறவர் போர்ட்டர்.

நிற்க. வேரைத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் வேரையே வேதவாக்காக நம்பிவிடாதீர்கள். 'டிசாஸ்டர்' என்றால் பெருங்கேடு. அதற்குள் இருப்பதோ கெட்ட நட்சத்திரம்! ஐரோப்பாக்காரனின் பாட்டனும் நம் பாட்டனைப் போலவே சோதிடத்தை நம்பியவன்தான். 'மலேரியா' என்றால் இத்தாலிய மொழியில் கெட்ட காற்று. 1897-ல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் என்பவர் கொசுவின் வயிற்றில் அந்நோயின் கிருமியைக் கண்டார். பேர் நின்றது; நம்பிக்கை செத்தது. பேர் அப்படி இருக்கிறதே என்று காற்றுக்குப் பயந்து எவரும் கதவை அடைப்பதில்லை, கொசுவைத்தான் ஒழிக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. 'மார்ட்கேஜ்' என்றால் அடமானம். பழைய பிரெஞ்சு மொழியில் 'செத்த ஈடு' என்று பொருள். எங்கள் பக்கத்துக் குடியானவர் ஒருவர், இச்சொல் எழுதிய பத்திரத்தை என்னிடம் கொண்டுவந்து, "தம்பி, இது என்ன?" என்று கேட்டார். இங்கிலீஷ் படிக்கிறவன் என்று பேர் வாங்கியிருந்த எனக்கு அது தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, "ஒன்றுமில்லை, கைநாட்டு வையுங்கள்" என்றேன். வைத்தார். நிலம் போயிற்று. அந்தச் சொல்லை அதன்பின் நான் மறந்ததில்லை.

ஆகவே தோழர்களே, நாளொன்றுக்கு ஒரு வேர் போதும். பொருள் விளங்காத சொல்லை வாயால் சொல்லாதீர்கள். பொருள் விளங்காத தாளில் விரலை வைக்காதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுவதே படிப்பின் முதல் பாடம் என்று கூறி முடித்துக்கொள்கிறேன்.