பாலைவனத்தில் நின்றுபோன வண்டிகள்

தென்னங்கன்று வைத்தவர் மறுநாளே இளநீர் கேட்பதில்லை. வருடக்கணக்கில் தண்ணீர் ஊற்றுகிறார். ரோபோ ஆராய்ச்சியும் அப்படித்தான்.

2004-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் ஒரு போட்டி. ஓட்டுநர் இல்லாமல் வண்டி தானே ஓட வேண்டும். நடத்தியது டார்பா என்ற அரசு ஆராய்ச்சி அமைப்பு. ஒரு வண்டிகூட எல்லையைத் தொடவில்லை. ஆக அதிக தூரம் போன வண்டியே 12 கிலோமீட்டரைத் தாண்டவில்லை.

அதற்காக அரசு கையை விரித்துவிடவில்லை. பரிசுத் தொகையை இரட்டிப்பாக்கி, அடுத்த வருடமே மறுபடி அழைத்தது. இந்த முறை ஐந்து வண்டிகள் முழுத் தூரமும் ஓடி முடித்தன! முதலில் வந்தது ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ‘ஸ்டான்லி’. அதை உருவாக்கிய அணியின் தலைவர்தான் பிறகு கூகுளின் ஓட்டுநரில்லாத கார் திட்டத்தையும் தொடங்கினார்.

ஆராய்ச்சிக்கு அரசு பணம் ஒதுக்கியது என்று செய்தி கேட்டால், உடனே பலன் எங்கே என்று கேட்டுவிடாதீர்கள் நேயர்களே. கொஞ்சம் பொறுத்திருங்கள்.