பூட்டிய அலமாரி

இடைக்கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைக்கும் வழக்கம் இருந்தது. இங்கிலாந்தின் ஹெரிபோர்டு நகரப் பேராலயத்தில் அத்தகைய நூலகம் ஒன்றை இன்றும் காணலாம். கையால் எழுதப்பெற்ற நூல் அரும்பொருள். ஒன்று தொலைந்தால் மற்றொன்று கிடைப்பது அரிது. ஆதலின், அன்று சங்கிலிக்கும் ஒரு நியாயம் இருந்தது. அச்சுப்பொறி தோன்றி நூல்கள் பெருகியபின் அந்த நியாயம் போயிற்று. சங்கிலி உடனே போய்விடவில்லை.

நானும் அத்தகைய சங்கிலி ஒன்றைக் காத்தவன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நான் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற பள்ளியில் மூன்று நூல் அலமாரிகள் இருந்தன. சாவி என் மேசையில் இருந்தது. இருப்புப் பதிவேட்டில் உள்ள நூல் ஒன்று குறைந்தாலும் பொறுப்பாளர் விலை கொடுக்க வேண்டும் என்ற அச்சத்தால் அவற்றைத் திறப்பதே இல்லை. தணிக்கையின்போது எண்ணிக்கை சரியாக இருக்கும். அதனை என் திறமை என்றே எண்ணியிருந்தேன்.

ஒருநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். “ஐயா, கண்ணாடிக்குப் பின்னால் வானநூல் பற்றிய புத்தகம் ஒன்று இருக்கிறது. அதன் பெயரை மட்டும் இரண்டு ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். உள்ளே என்ன இருக்கிறது, ஐயா?” என்று கேட்டாள். நான் நாணினேன். அன்றே அலமாரியைத் திறந்தேன். அந்நூலைக் கையில் எடுத்தபோது அதன் பின்பகுதி மண்ணாக உதிர்ந்தது. கள்வனுக்கு அஞ்சிப் பூட்டினேன். கரையானுக்குப் பூட்டு ஏது?

இந்த உண்மையை எனக்கு நெடுங்காலம் முன்னரே உணர்ந்து உரைத்தவர் ஒருவர் உண்டு. அவரும் ஆசிரியரே. சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்து, கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீ. இரா. அரங்கநாதன் அவர்கள், 1931இல் நூலகத்திற்குரிய ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே உள்ளன என்பது முதல் விதி. படிப்பவர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிட்ட வேண்டும் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதனைப் படிப்பவர் கிட்ட வேண்டும் என்பது மூன்றாவது. படிப்பவர் தாமே அலமாரியை அணுகி நூலைத் தேர்ந்தெடுக்கும் முறையை அவர் வற்புறுத்தினார். காரணம் எளியது. நமக்கு எந்த நூல் வேண்டும் என்பதை நாம் எப்போதும் முன்கூட்டியே அறிவதில்லை. ஒன்றைத் தேடிப் போகின்றோம். அதன் அருகில் இருந்த மற்றொன்று நம் வாழ்வை மாற்றிவிடுகின்றது.

அதே 1931ஆம் ஆண்டில் மன்னார்குடிக்கு அருகில் மேலவாசல் என்னும் ஊரில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பெற்றது. சொத்து வரியோடு சிறு நூலக வரியும் திரட்டி, அதனால் ஊர்தோறும் நூலகம் நடத்துவது அதன் வழி. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில், பல நாடுகளில் வாழும் தமிழர் ஊதியம் கருதாது பழந்தமிழ் நூல்களைக் கணினியில் தட்டெழுதி, பிழை திருத்தி, இணையத்தில் விலையின்றி வழங்கினர். வண்டி வேறு, வரி வேறு, கணினி வேறு. மூன்றும் திறந்தது ஒரே பூட்டைத்தான்.

அவ்வாறாயின், எழுதியவர் உழைப்புக்கு ஊதியம் வேண்டாவோ என்று கேட்பீர்கள். வேண்டும். நம் நாட்டுச் சட்டம் ஆசிரியர் வாழ்நாளிலும், அவர் மறைந்தபின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமையைக் காக்கின்றது. அதனை மதிப்பது நம் கடமை. அதன்பின் நூல் ஊருணி நீர்போல் எல்லார்க்கும் பொதுவாகிறது. உரிமையுடையவரே மனமுவந்து முன்னரே வழங்குவதும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடக்குறிப்புகளை உலகோர்க்கு விலையின்றி அளிப்பதாக 2001இல் அறிவித்தது. பிறர் நூலிலிருந்து பெறுவோர் அவர் பெயரைச் சொல்லிப் பெறுதல் வேண்டும், அது நன்றியறிதல்.

இனி உங்களை ஒன்று கேட்கிறேன். தேர்வு நெருங்கும்போது உங்கள் குறிப்பேட்டைத் தோழனுக்குக் காட்டாமல் மறைக்கின்றீர்களா? அதுவும் பூட்டிய அலமாரியே. அரிசியைக் கொடுத்தால் பானை குறையும். ஒரு கணக்கைத் தோழனுக்கு விளக்கிப் பாருங்கள். உங்களுக்கே விளங்காதிருந்த இடம் அப்போதுதான் புலப்படும். நாற்பது பேர் வகுப்பில் இதனை ஆண்டுதோறும் கண்டவன் நான்.

அலமாரி திறந்த ஆண்டின் இறுதியில் நூல்களை எண்ணினோம். மாணவர் கையில் தொலைந்தவை நான்கு. அவற்றின் விலையை நான் செலுத்தினேன். பூட்டியிருந்த காலத்தில் கரையான் தின்றவை பதினொன்று. அவற்றிற்கு எவரும் என்னிடம் விலை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.