சட்டம் எழுதப் பழகும் சிறுவர்



பாராளுமன்றம் அமைந்த தில்லியில் வாழ்கிறோம். ஆயினும் ஒரு சட்டம் சொல் சொல்லாக எவ்வாறு உருவாகிறது என்பதை நம் சிறுவர்க்குக் காட்டுவோர் சிலரே. தில்லிப் பள்ளிகளில் 1966-67ஆம் ஆண்டில் இளையோர் பாராளுமன்றப் போட்டி தொடங்கப்பெற்றது. நல்ல முயற்சிதான். எனினும் அதில் பேச்சுக்குக் கிடைக்கும் கைதட்டல் மசோதாவின் வாசகத்துக்குக் கிடைப்பதில்லை.

சென்ற குளிர்காலத்தில், ஞாயிறுதோறும், தமிழ்ப் பிள்ளைகள் சிலருடன் அமர்ந்து, வரையாட்டைக் காக்க ஒரு சட்டம் எழுதுமாறு கூறினோம். வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. தமிழகத்தையும் கேரளத்தையும் சார்ந்த மலைகளன்றி வேறெங்கும் இயல்பாக வாழ்வதில்லை. தில்லியில் பிறந்த இப்பிள்ளைகளுள் ஒருவரும் அதனைக் கண்டதில்லை.

'வரையாட்டை யாரும் கொல்லக் கூடாது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டனர். கண்ணி வைத்து உயிரோடு பிடிக்கலாமோ என்று வினவினோம். நஞ்சிட்டும் அது பிழைத்துக்கொண்டால்? பிள்ளைகள் விழித்தனர்.

அப்பொழுதுதான் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை விரித்தோம். அங்கே 'வேட்டை' என்ற ஒரு சொல்லுக்குள் கொல்லுதல், நஞ்சிடுதல், பிடித்தல், கண்ணி வைத்தல், விரட்டுதல், இரை காட்டி இழுத்தல், இவற்றுக்கான முயற்சி ஆகிய அனைத்தும் அடங்குகின்றன. காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் வேட்டையே. "முட்டையை வேட்டையாடுவதா?" என்று ஒரு சிறுமி நகைத்தாள். நாமும் முதன்முறை படித்தபோது நகைத்தவர்களே! குற்றவாளி நழுவும் சந்துகளை அடைப்பது இத்தகைய விளக்கமன்றோ? விலங்குகளை வகுக்கும் அட்டவணைகள் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஆறிலிருந்து நான்காயின. வரையாடும் யானையும் முதல் அட்டவணையில் உள்ளன.

மூன்றாம் ஞாயிறன்று ஒரு சிறுவன் எழுந்தான். கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் அவன் தாத்தாவுக்கு வாழைத் தோட்டம். ஓரிரவில் யானைகள் அதனை அழித்துவிட்டனவாம். "தாத்தா சுட்டிருந்தால் அவர் குற்றவாளியா, ஐயா?"

மழுப்ப மனம் வரவில்லை. தன்னுயிரையோ பிறருயிரையோ காக்க நல்லெண்ணத்துடன் கொன்றால் குற்றமன்று. வாழைக்காக யானையைக் கொன்றால் குற்றமே என்றோம். மனித உயிருக்கு ஆபத்தான யானையையும், பிடிக்கவோ மயக்கவோ வேறிடம் பெயர்க்கவோ இயலாது என்று தலைமை வனவிலங்குக் காப்பாளர் உறுதிகொண்ட பின்னரே கொல்ல ஆணையிடலாம்.

சிறுவன் வாடினான். சிறிது நேரம் சென்று, தன் மசோதாவில் ஒரு பிரிவு சேர்த்தான்: 'பயிரிழந்தவருக்கு முப்பது நாளில் இழப்பீடு தரப்படும்.' சேதத்தை அளப்பவர் யார் என்று அச்சிறுமி கேட்டாள். வனத்துறையினர் என்றான் ஒருவன். கிராம அலுவலர் என்றான் மற்றொருவன். யானை சேதப்படுத்தியதை வனத்துறையே அளந்தால் குறைத்தே அளக்கும் என்று தாத்தாவின் பேரன் சாதித்தான். அந்தப் பிரிவு மட்டும் மேலும் இரண்டு ஞாயிறுகளை எடுத்துக்கொண்டது.