உஸ்பெகிஸ்தான்: பழைய நகரங்களும் வற்றிய கடலும்



டீக்கடையில் சமோசா சாப்பிடுகிறோம். இதே பண்டம் உஸ்பெகிஸ்தான் நாட்டிலும் உண்டு. அங்கே அதற்குச் சம்சா என்று பெயர். அதை மண் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடுவார்கள். ரொட்டியையும் அப்படித்தான் சுடுகிறார்கள். ரொட்டியைக் கவிழ்த்து வைத்தால் வீட்டுப் பெரியவர்கள் கோபிப்பார்கள்.

விருந்தாளி வந்தால் பச்சைத் தேநீர் தருவார்கள். பால் கிடையாது. கோப்பையை நிரப்பவும் மாட்டார்கள். பாதி ஊற்றுவார்கள். குடித்ததும் மறுபடி ஊற்றுவார்கள். அதுதான் மரியாதை. நிரம்ப ஊற்றினால், "குடித்துவிட்டுக் கிளம்புங்கள்" என்று பொருளாம்!

இந்த நாடு எங்கே இருக்கிறது? ஆப்கானிஸ்தானுக்கு வடக்கே. தில்லியில் விமானம் ஏறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் தலைநகர் தாஷ்கண்ட் வந்துவிடும். நாடு ராஜஸ்தானை விடப் பெரியது. மக்கள் மூன்றரைக் கோடிக்கு மேல். 1991 வரை சோவியத் நாட்டின் ஒரு பகுதியாக இருந்தது. பெரும்பகுதி பாலைவனம். அமு தாரியா, சிர் தாரியா என்ற இரண்டு ஆறுகள்தான் உயிர் கொடுக்கின்றன.

தாஷ்கண்ட் என்றதும் நமக்கு லால் பகதூர் சாஸ்திரி நினைவு வரும். 1965 போருக்குப் பிறகு இந்தியாவும் பாகிஸ்தானும் அங்கேதான் பேசின. 1966 ஜனவரி 10-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அன்று இரவு, விடிவதற்கு முன்பே, சாஸ்திரி காலமானார். அவர் பெயரில் அங்கே ஒரு தெரு இருக்கிறது. சிலையும் இருக்கிறது. முகலாய அரசர் பாபர் பிறந்ததும் இந்த நாட்டில்தான். ஊர் அந்திஜான். ஆண்டு 1483.

பழைய நகரங்கள் பல உண்டு. கீவா நகரைச் சுற்றி மண் கோட்டைச் சுவர் நிற்கிறது. புகாராவில் 1127-இல் கட்டிய உயரமான கோபுரம் இன்னும் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றிலும் பெயர் பெற்றது சாமர்கண்ட். சீனாவின் பட்டு மேற்கே போன வழியில் இருந்த ஊர். நீல ஓடு பதித்த பெரிய கட்டடங்களைப் பார்த்தால் கண் கூசும். இது தைமூரின் தலைநகரம். அவர் 1398-இல் தில்லியைச் சூறையாடினார். அங்கிருந்த கல் தச்சர்களைப் பிடித்துக்கொண்டு போய் இங்கே வேலை வாங்கினார். அந்த அழகில் அவர்கள் வேர்வையும் இருக்கிறது.

தைமூரின் பேரன் உலுக் பேக் வேறு மாதிரி மனிதர். தொலைநோக்கி இல்லாத காலத்தில் வானத்தை அளந்தார். 1,018 விண்மீன்களின் இடத்தைக் குறித்து வைத்தார். 1449-இல் அவர் கொல்லப்பட்டார். கொல்லச் செய்தது பெற்ற மகன்! அவருடைய வான் ஆய்வுக்கூடம் இடிந்து மண்ணில் புதைந்தது. 1908-இல்தான் அதைத் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். ஜெய்ப்பூரில் ஜந்தர் மந்தர் கட்டிய ராஜா ஜெய்சிங் அவருடைய கணக்குகளைப் படித்தவர்.

இனி ஒரு வருத்தமான செய்தி. இந்த நாட்டுக்குக் கடற்கரை இல்லை. ஆனால் ஆரல் கடல் என்ற பெரிய ஏரி இருந்தது. உலகத்தில் நான்காவது பெரிய ஏரி. மோய்நாக் என்ற ஊர் அதன் மீன்பிடித் துறைமுகம். 1960-க்குப் பிறகு, பருத்தி விளைவிக்க இரண்டு ஆறுகளையும் வாய்க்கால்களில் திருப்பினார்கள். பருத்தி விளைந்தது. ஏரிக்குத் தண்ணீர் போகவில்லை. கரை வருடா வருடம் பின்வாங்கியது. மீன் செத்தது. படகுகள் இன்று மணலில் நிற்கின்றன. தண்ணீரைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். காற்று அடித்தால் உப்பும் பூச்சிமருந்தும் கலந்த தூசி பறக்கிறது. மக்களுக்கு மூச்சு நோய் வருகிறது. ஏரியின் வடபகுதி கசகஸ்தானில் உள்ளது. அங்கே 2005-இல் அணை கட்டினார்கள். அந்தப் பக்கம் மட்டும் மீன் திரும்பியிருக்கிறது. தென்பகுதியில், காய்ந்த தரையில், சக்சவுல் என்ற பாலைவனச் செடியை நடுகிறார்கள். அது மணலைப் பிடித்து வைக்கும்.

பருத்தி எடுக்கும் காலத்தில் பள்ளிப் பிள்ளைகளையும் ஆசிரியர்களையும் வயலுக்கு அனுப்பினார்கள். பாடம் நின்றது. இது பல பத்து ஆண்டுகள் நடந்தது. இப்படி நாடு முழுவதும் கட்டாய வேலை வாங்குவது முடிந்துவிட்டது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2022-இல் அறிவித்தது.

எழுத்துக் கற்கும் நமக்கு இன்னொரு செய்தி முக்கியம். உஸ்பெக் மொழியை முன்பு அரபு எழுத்தில் எழுதினார்கள். 1920-களின் கடைசியில் அதை மாற்றி, ஆங்கிலம் எழுதும் லத்தீன் எழுத்தைக் கொண்டு வந்தார்கள். 1940-இல் அதையும் மாற்றி ரஷ்ய எழுத்து வந்தது. 1993-இல் மறுபடி லத்தீன் எழுத்துக்குச் சட்டம் போட்டார்கள். பேச்சு ஒன்றுதான். எழுத்து மூன்று! ஒவ்வொரு முறையும், படித்தவர்களே மறுபடி முதல் எழுத்திலிருந்து தொடங்கினார்கள். தாத்தா எழுதிய கடிதத்தைப் பேரனால் படிக்க முடியவில்லை.

இன்று பள்ளிப் புத்தகம் லத்தீன் எழுத்தில் இருக்கிறது. வயதானவர்கள் பலர் ரஷ்ய எழுத்திலேயே படிக்கிறார்கள். தாஷ்கண்ட் கடைத்தெருவில் பெயர்ப் பலகைகள் இரண்டு எழுத்திலும் தொங்குகின்றன.