கட்டிலின் ஓரத்தில் நின்று பாருங்கள்

(புதுவை ஆலைத் தொழிலாளர்களும், சுற்றுக் கிராமங்களின் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



முதியோர் இல்லம் என்றதும், அது நமக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று உங்களில் பலர் நினைக்கிறீர்கள். பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்ட பணக்காரர்கள் போய்த் தங்குகிற இடம் என்பது உங்கள் எண்ணம். அந்தக் காலம் மலையேறிவிட்டது. ரோடியர் மில் என்று நாம் சொல்லும் ஏ.எஃப்.டி. ஆலையை 2020 ஏப்ரல் 30-ந் தேதி மூடிவிட்டார்கள். அங்கே நின்று உழைத்தவர்களுக்கு இன்று வயதாகிவிட்டது. மகன் திருப்பூரில், மகள் சென்னையில், வீட்டிலே படுத்த படுக்கையாக ஒரு கிழவர். பாகூர்ப் பக்கத்தில் நாற்று நட்டே முதுகு வளைந்த அம்மாளின் கதையும் இதேதான். யார் பார்த்துக்கொள்வது? கடைசியில் ஏதோ ஒரு இல்லத்தில் கொண்டுபோய் விடுகிறோம். தர்ம இல்லமாக இருக்கலாம், பணம் வாங்குகிற இல்லமாகவும் இருக்கலாம். விட்டுவிட்டு வந்தபின், உள்ளே என்ன நடக்கிறதென்று யார் பார்க்கிறார்கள்?

‘அதிகாரிகள் பார்ப்பார்கள்’ என்பீர்கள். ஆலையிலே வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் முதல் நாளே தெரிந்துவிடும். தரையைக் கழுவுவார்கள், குடிதண்ணீர்ப் பானை புதிதாக வரும், முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கும். அவர் ஆபீஸில் உட்கார்ந்து ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மறுநாள் பானையும் இருக்காது, பஞ்சும் இருக்காது. முதியோர் இல்லத்துச் சோதனையும் இப்படி நடந்தால், அது யாருக்காக நடக்கிற சோதனை?

நமக்குப் பக்கத்திலேயே நடந்ததைப் பாருங்கள். விழுப்புரம் ஜில்லா, விக்கிரவாண்டிக்கு அருகே குண்டலப்புலியூரில் அன்புஜோதி ஆசிரமம் என்று ஒன்று இருந்தது. ஆதரவற்றோர், மனநிலை பாதித்தோர், வயோதிகர் என்று நூற்று நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் அங்கே இருந்தார்கள். அதற்கு முறையான லைசென்ஸ் இல்லை. பல வருஷம் நடந்துவந்த இல்லம் அது. 2023 பிப்ரவரியில்தான் போலீசாரும் அதிகாரிகளும் உள்ளே புகுந்தார்கள், இருந்தவர்களை மீட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், விசாரணை சி.பி.சி.ஐ.டி.க்குப் போயிற்று. அடித்தார்கள், கட்டிவைத்தார்கள், பலரைக் காணோம் என்றெல்லாம் புகார் எழுந்தது. யார் குற்றவாளி என்பதைக் கோர்ட் தீர்மானிக்கட்டும். நான் கேட்பது வேறு. அந்தக் கதவைத் திறந்தது யார்? இன்ஸ்பெக்டர் அல்ல! அங்கே சேர்த்துவிட்ட ஒரு பெரியவரைப் பார்க்க வந்தார்கள். ஆள் இல்லை. பெங்களூருக்கு அனுப்பிவிட்டோம் என்று பதில் வந்தது. அங்கே தேடினார்கள், அங்கும் இல்லை. “எங்கள் ஆள் எங்கே?” என்று சென்னை ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனுப் போட்டார்கள். அதன் பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. தேடிவர ஆள் இல்லாதவர்கள் அத்தனை பேரும் அதுவரை உள்ளேயே கிடந்தார்கள்.

ஏழைகளின் இல்லம், அதனால் இப்படி என்று சொல்லிவிட முடியாது. பிரான்சைப் பாருங்கள். நம் ஊரில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்குகிற சொல்தா குடும்பங்களுக்கு அந்த நாட்டுச் சேதி தெரிந்திருக்கும். ஓர்ப்பேயா என்று ஒரு பெரிய கம்பெனி. முதியோர் இல்லங்கள் நடத்தி லாபம் பார்ப்பது அதன் தொழில். பாரிஸை ஒட்டிய நெய்யி என்னும் சீமான்கள் வட்டாரத்தில் அதற்கு ஒரு இல்லம். மாதம் ஆறாயிரம் யூரோவுக்கு மேல் கட்டணம். விக்தோர் கஸ்தானே என்ற பத்திரிகைக்காரர் மூன்று வருஷம் விசாரித்து, 2022 ஜனவரியில் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஒரு ஆளுக்கு நாளைக்கு மூன்று டயப்பர்தான், நனைந்தாலும் நாறினாலும் அவ்வளவுதான் என்று அங்கே ரேஷன் வைத்திருந்ததாக எழுதினார். கம்பெனி மறுத்தது. பிறகு சர்க்கார் அனுப்பிய சோதனைக் குழுவும், கவனிப்பைவிடப் பணக்கணக்குக்கே அங்கே முதலிடம் என்று அறிக்கை கொடுத்தது. கம்பெனி கடனில் மூழ்கியது. 2023 டிசம்பரில் பொதுத்துறை நிதி ஸ்தாபனம் ஒன்றின் தலைமையில் அதை எடுத்துக்கொண்டார்கள். 2024-ல் பெயரையும் எமெய்ஸ் என்று மாற்றிக்கொண்டது. பளிங்குத் தரையைப் பார்த்து மயங்கக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? படுத்திருப்பவரின் உடம்பைப் பாருங்கள். வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற பெரியவரிடம் பேசிவிட்டு, ‘சௌகரியமாக இருக்கிறார்கள்’ என்று திரும்பக்கூடாது. கடைசி அறையில், கடைசிக் கட்டிலில், பேசமுடியாமல் கிடக்கிறாரே, அவரிடம் போங்கள்.

நம்மோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்த ஒருவரை ஓர் இல்லத்தில் போய்ப் பார்த்தேன். அவர் பெயரும் வேண்டாம், இல்லத்தின் பெயரும் வேண்டாம். படுக்கை விரிப்பு வெளுப்பாக இருந்தது. ஜன்னலில் தண்ணீர் டம்ளர் வைத்திருந்தார்கள், நிறையத் தண்ணீர். ஆனால் அவர் கை எட்டாது! உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கொடுத்ததாக நோட்டில் மட்டும் மூன்று வேளையும் எழுதியிருந்தது. குதிகாலைப் பார்த்தேன், கறுத்துப் புண்ணாகியிருந்தது.

படுக்கைப் புண் எங்கே வரும்? குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடி என்று எலும்பு படுக்கையில் அழுந்துகிற இடத்தில். சிவந்த இடத்தை விரலால் அழுத்தினால் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். வெளுக்கவில்லை என்றால் புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நம்முடைய கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. கருநீலமாக மாறியிருக்கும், தொட்டால் சுடும், அல்லது கெட்டியாக இருக்கும். குதிகாலை மட்டும் நீங்கள் பாருங்கள். அதையும் அவரைக் கேட்டுவிட்டுப் பாருங்கள். மற்ற இடத்தை நர்ஸைக் காட்டச் சொல்லுங்கள். பெண்களைப் பெண்கள்தான் பார்க்க வேண்டும். வயதானால் மானம் போய்விடுமா என்ன?

எடை நோட்டைக் கேளுங்கள். 50 கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டரைக் கிலோ குறைந்திருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கே எல்லோரும் அசந்து தூங்கினால், என்ன மாத்திரை கொடுக்கிறீர்கள், எந்த டாக்டர் எழுதியது என்று கேட்க வேண்டும். கட்டிலோடு கட்டியிருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிக்கிடந்த 28 பேர் செத்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்று 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

இனி ஆயாவைப் பற்றி ஒரு வார்த்தை. புண்ணைப் பார்த்ததும் அந்த அம்மாள் மீது பாய்ந்துவிடுகிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். புரளமுடியாதவரை இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும் என்பது பொதுவான விதி. அப்படிப் பத்துப் பேர். இரவு பத்து மணி நேரம். ஐம்பது தடவை புரட்ட வேண்டும். துணி மாற்றுவது தனி. கனமான ஆளைப் புரட்ட இரண்டு பேர் வேண்டும். ஆனால் இரவு ஷிப்டில் இருப்பதோ ஒரே ஆயா! நான்கு தறிக்கு நிற்கவேண்டியவனை எட்டுத் தறிக்கு நிறுத்தினால் நூல் அறுந்துதானே போகும்? ஆகவே இரவில் எத்தனை பேர் வேலை, என்ன சம்பளம் என்பதுதான் முதல் கேள்வி. அந்த ஆயாவோடு தனியாகப் பேசுங்கள். நிர்வாகி சொல்லாததையெல்லாம் அவர் சொல்வார். அவரும் நம் தெருக்காரர்தான்.

இங்கிலாந்தில் பீட்டர் டவுன்சென்ட் என்ற அறிஞர் 173 இல்லங்களை நேரில் பார்த்து 1962-ல் ஒரு புத்தகம் எழுதினார். ஓர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டும் ஆளாகவே சேர்ந்து வேலையும் பார்த்தார். ஆபீஸ் நாற்காலியிலிருந்து தெரியாதது குளியலறையில் தெரியும்.

சட்டம் இருக்கிறதா என்று கேட்கிறீர்கள். 2007-ம் வருஷத்து முதியோர் சட்டம் இருக்கிறது. ஜில்லாவுக்கு ஒரு இல்லமாவது, 150 ஏழை முதியவர்கள் தங்குகிற மாதிரி அமைக்கலாம் என்கிறது. ‘அமைக்கலாம்’! அமைத்தே தீரவேண்டும் என்று எழுதவில்லை. தனியார் இல்லங்கள் எல்லாம் பதிவு செய்துகொள்ள வேண்டும், குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 2019 டிசம்பரில் ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தார்கள். அது நிறைவேறாமலே 2024-ல் அந்த லோக்சபையோடு காலாவதியாயிற்று. பதிவையும் தரத்தையும் சட்டமாக்கு என்று நாம் கேட்க வேண்டும். அதுவரை கிழவர்கள் காத்திருக்க முடியாது. ஆகவே நாம் போக வேண்டும். நமக்குச் சோதனை போட அதிகாரமில்லை. ஆனால் உறவினராகவும் நண்பராகவும் பார்க்கப் போவதை யார் தடுப்பது? தடுத்தால் அதையே எழுதிவையுங்கள்.

ஒரு வட்டத்துக்கு நான்கு பேர், அதில் இரண்டு பெண்கள். தீபாவளி, பொங்கலுக்குப் போகாதீர்கள். அன்று எல்லா இல்லத்திலும் வடை பாயசம்தான். சாதாரண நாளில், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள். செல்போனில் படம் எடுக்காதீர்கள். ‘இவர்தான் எங்களிடம் சொன்னார்’ என்று நிர்வாகியிடம் வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள், அவர் அங்கேயே இருக்க வேண்டும். கண்டதைத் தேதி, மணி, கட்டில் எண்ணோடு எழுதி இரண்டு நகல் எடுங்கள். ஒன்றைக் கலெக்டர் ஆபீஸில் கொடுத்து, மற்றதில் ரசீது முத்திரை வாங்குங்கள். முதியோர் உதவிக்கென்று உள்ள 14567 என்ற எண்ணிலும் சொல்லுங்கள். புகார் கொடுத்த ஒரு வாரத்துக்குள் மறுபடி போய், அதே ஆள் அதே கட்டிலில் இருக்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால், எங்கே அனுப்பினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.